ஒதிலியா வீட்டுக் கிழக்குச் சுவர்

காம்பெச்சே என்ற கடலோர ஊரில் ஐந்து மாதமாக ஒரு சொட்டு மழை இல்லாத 1983 ஏப்ரலில், சான் ரோமான் பகுதி ஒதிலியா பெச்சின் வீட்டுக் கிழக்குச் சுவர் இடுப்பு உயரத்துக்கு நனைந்தது. அந்த வாரம் சுறாமீன் விலை ஏறியிருந்ததால் தெருவில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

அவள் கணவன் ஃபெர்மின் வடக்கே ஒரு மர அறுப்பு ஆலைக்கு வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டுப் போனவன். கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க, அந்தச் சுவரின் பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சிமெண்டை அப்பிக் கண்ணாடி போல இழைத்தான். "நான் திரும்பி வர்ற வரைக்கும் இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகாது, பாத்துக்கோ" என்று சொல்லி, சிமெண்டு காயாத கையால் அவள் கன்னத்தைத் தட்டினான். அன்று முதல் ஒதிலியா வீடு பெருக்கும்போதெல்லாம் அந்தச் சுவரையும் ஒரு முறை துடைத்துவிடுவாள்.

ஈரம் பார்க்க ஊரில் கசிமிரோ ஊக் மேஸ்திரியை விட்டால் ஆள் கிடையாது. அவர் வந்து விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பாதிச் சுவர் காலிப் பானை போலச் சத்தம் கொடுத்தது. மொட்டைமாடி வடிகாலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், கசிவில்லை. ஜன்னல் மூலைகளைச் சுரண்டினார், விரிசலில்லை. வெளியே சுவரை ஒட்டிக் குவிந்திருந்த மண்ணை வெட்டி அகற்றினார். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டிவிட்டுப் போய், மூன்றாம் நாள் வந்து பார்த்தார். தாளின் முன்பக்கம் காய்ந்திருந்தது. பின்பக்கம் வியர்த்திருந்தது.

"ஈரம் அறைக்காத்துல இல்ல ஒதிலியாம்மா, சுவருக்குள்ள இருக்கு. சுண்ணாம்பு மூச்சு விடும். உங்க வீட்டுக்காரர் அது மூக்கையும் வாயையும் சேத்துப் பொத்திட்டாரு. பேத்து எடுக்கணும்."

"அதுல கை வெக்காதீங்க மேஸ்திரி. அது அவரு போட்டது."

"அவரு போட்டதுதான் உங்க மேல விழப்போகுது."

"விழட்டும். அவரு வந்து பாத்துக்குவாரு."

இரண்டு வருடம் அவள் மசியவில்லை. சுவர் கர்ப்பிணி போல வயிறு தள்ளியது. மாதம் ஒரு முறை வந்த கடிதம் வருடத்துக்கு இரண்டாகச் சுருங்கியது. 1985 பிப்ரவரியில், ஒதிலியா எழுந்து காபி போடப் போன நேரத்தில், ஒரு மேசை அகலத்துக்குச் சிமெண்டு பெயர்ந்து அவள் தலையணை மேல் விழுந்தது. அவள் அழுதுகொண்டே மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினாள்.

கசிமிரோ முழுவதையும் பெயர்த்தபோது உள்ளிருந்த பழைய பூச்சு தயிராகக் குழைந்து வந்தது. அந்த ஊரின் சுவர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், வெதுவெதுப்பாக இருக்கும். இதில் கசிந்த தண்ணீரோ தித்தித்தது, விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்தது. புதிதாக அறுத்த மரத்தின் வாசம் அடித்தது. அது ஃபெர்மினின் கடிதங்களில் வரும் வாசம். ஒதிலியா தபாலாபீஸுக்கு ஓடி ஆலைக்குப் போன் போட்டு ஃபெர்மினைக் கூப்பிடச் சொன்னாள்.

"அங்க மழையா?"

"ஒம்பது நாளா விடாம பேஞ்சுக்கிட்டிருக்கு. உனக்கெப்படித் தெரியும்?"

"எப்ப வர்றீங்க?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு போய்விட்டது.

மேஸ்திரி நீர்த்த சுண்ணாம்பில் வெண்மண் கலந்து மெல்லிசாக ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கை பூசினார். சுவர் மூச்சு விடத் தொடங்கியது. வடக்கே மழை பெய்யும் நாட்களில் அறை முழுக்கக் குளிர்ந்த புகை நிற்கும். நாற்பது டிகிரி வெயிலில் ஒதிலியா கம்பளி போர்த்திக்கொண்டு சுவரோரம் படுத்திருப்பாள். அதே ஆலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெண்கள் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துப் போவார்கள். "மடப்பய, இன்னிக்குக் குடை எடுத்துட்டுப் போயிருப்பானா?" என்பாள், மகனை அங்கே அனுப்பிய எதிர்வீட்டு பிரிஹிதா.

1991இல் தபாலாபீஸுக்கு வந்த போனில் ஒரு பெண்குரல் தயங்கித் தயங்கி, ஃபெர்மின் மூன்று வாரத்துக்கு முன் நெஞ்சுவலியில் இறந்துவிட்டதாகவும், தான் அங்கே அவனுடைய மனைவி என்றும் சொன்னது. ஒதிலியா அவளுக்கு ஆறுதல் சொன்னாள். பிறகு அந்த ஊரில் மழையா என்று கேட்டாள். ஆமாம் என்று பதில் வந்தது.

வருடாவருடம் போல வெள்ளையடிக்க வந்த கசிமிரோ தொப்பியைக் கழற்றி நின்றார்.

"இப்பயாவது சுவருக்கு அடியில தகடு வெச்சு ஈரத்த அடைச்சிரட்டுமா? முயற்சி பண்ணிப் பாக்கலாம்."

ஒதிலியா உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். "அங்க இன்னும் பேஞ்சுக்கிட்டுதானே இருக்கு மேஸ்திரி?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்தார். வடக்கே அந்த வருடம் நல்ல மழை. சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு கூடுதலாகப் பிடித்தது.