ரப்பர் இல்லாமல் பூட்டிய ரேடியேட்டர்

டெஸ்மண்டும் கிளெனிஸும் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர்க்காரர்கள். உதிரிபாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, வீட்டு கராஜிலேயே இருவர் உட்காரும் கார் ஒன்றைப் பூட்டினார்கள். ரேடியேட்டர் வரும்வரை புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே இல்லை.

ரப்பர் வளையங்கள் வைத்துப் பூட்டினால் ரேடியேட்டர் ஒரு விரற்கடை முன்னால் தள்ளி நின்றது. காரின் மூக்கு, முன்பக்கக் கூடு, மூடவில்லை. மூக்கை உள்பக்கம் கொஞ்சம் ராவச் சொன்னாள் கிளெனிஸ். தானே பச்சை வண்ணம் அடித்த மூக்கில் அரம் வைக்க டெஸ்மண்டுக்கு மனம் வரவில்லை. ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரும்புச் சட்டத்தோடு நேராக முடுக்கினான். சட்டம் அதிரும், ரேடியேட்டர் தாங்காது என்று அவள் சொன்னதற்கு ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

முதல் ஓட்டத்திலேயே, மலையேற்றத்தில், ரேடியேட்டர் திரவம் கசிந்து இனிப்பாக ஒரு வாடை வந்தது. வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. மூக்கின் இடுக்கெல்லாம் ஆவி. குறுகலான பாதை, பின்னால் ஆடு ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. டெஸ்மண்ட் இறங்கி முன்மூடியைத் திறந்து, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தான்.

"கைய எடு, டெஸ். உள்ள கொதிக்குது."

"லேசா ஆவிய மட்டும் விடுறேன். பின்னாடி நிக்கிறான் பாரு."

"நிக்கட்டும். ஆறாம தொறக்காத."

மறுபடி ஹாரன். அவன் திருகிவிட்டான். மூடி விடுபட்ட கணத்தில் கிளெனிஸ் அவனை இடித்துத் தள்ளினாள். அவன் முகத்துக்கு வரவேண்டிய கொதிநீர் அவள் மணிக்கட்டில் அடித்தது.

லாரிக்காரர் தண்ணீர்க் கேனோடு ஓடிவந்தார். டெஸ்மண்ட் அதை வாங்கி அவள் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"ரப்பர் போட்டிருக்கணும், கிளென்."

"அத அப்புறம் பேசலாம். நீ ஊத்து."

கொப்புளம் ஆற நாளாயிற்று. விளிம்பில் பிளந்திருந்த ரேடியேட்டரை மாற்றி, மூக்கை அவனே ராவி, ரப்பர் வைத்துப் பூட்டினான். மறுபடி அதே ஏற்றத்தில் கிளெனிஸ் ஓட்டினாள். டெஸ்மண்ட் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உச்சியில் முள் நடுவிலேயே நின்றது. அப்போதுதான், கை வலிக்கிறதா என்று கேட்டான். கியர் மாற்றும்போது கொஞ்சம் வலிக்கிறது என்றாள்.