தோள் எலும்பு

நாய்க்கா என்று இறைச்சிக்கடைக்காரன் கேட்டான். ஞானாம்பிகை ஓமென்று தலையாட்டினாள். இவ்வளவு காலமும் இறைச்சிக்கடையை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவள், மாட்டின் தோள் எலும்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி பல்லாரோச் சந்தை வழியே வீட்டுக்கு நடந்தாள்.

பகேரியாவில் அவள் வேலைசெய்யும் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அப்படியொன்று இருந்தது. சினியோரா என்று அவள் கூப்பிடும் வெள்ளைக்கார எசமானியின் காலஞ்சென்ற கணவர் சீனச் சரித்திரம் படிப்பித்தவர். மூவாயிரம் வருசத்துக்கு முந்திய அரசர்கள் மாட்டெலும்பிலும் ஆமையோட்டிலும் குழி தோண்டிச் சூடு வைப்பார்களாம். எலும்பு வெடிக்கும், வெடிப்பில் பதில் இருக்கும். நடக்கும் என்று ஒருதரம், நடக்காது என்று ஒருதரம், இரண்டு விதமாகவும் கேட்கவேண்டும். அப்படிக் கேட்பதற்கு அவர்களுடைய சொல், எலும்பு வெடிக்கிற சத்தமேதானாம். "பு," என்று சினியோரா உதட்டைக் குவித்துக் காட்டினாள். ஞானாம்பிகையின் காதில் அது பூ என்று விழுந்தது. அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஊரில், கிளாலிக் கடலில் நேவி சுட்ட படகில் அவளுடைய மகன் நிதுசன் இருந்தான். சிதறிய உடல்களைக் கரையில் கிடத்தியபோது அவற்றில் அவன் இல்லை. இல்லையென்றால் கடலுக்குள்தான் என்று அவள் கணவன் பத்மநாதன் தீர்த்துவிட்டார். தருப்பையில் அவனுடைய உருச்செய்து கொளுத்தி, செத்தவர்களுக்குச் செய்யும் அந்திரட்டியையும் முடிக்க, ஊரில் ஐயரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியாயிற்று. உயிரோடிருக்கிற பிள்ளையையா கொளுத்தப்போகிறார்கள்?

காஸ் அடுப்பில் ஸ்குரூ டிரைவர் சிவந்துகொண்டிருந்தபோது பத்மநாதன் உள்ளே வந்தார்.

"என்னடி நாத்தம்? என்ன இது?"

"கோயிலிலை பூக்கட்டிக் கேட்டுப் பாக்கிறமெல்லே, அதுமாதிரித்தான்..."

"முருகன்ரை படத்துக்கு முன்னாலை மாட்டெலும்பு! பூவுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாதே உனக்கு, விசரி?"

அறை விழுந்தது. தலைமயிரைப் பிடித்துச் சுழற்றியதில் அவள் வாய் குசினித் தொட்டி விளிம்பில் மோதிப் பிளந்தது. அவர் எலும்பைத் தூக்கிக்கொண்டு யன்னலுக்குப் போனார். அவள் எழுந்து, அடுப்பிலிருந்த சிவந்த கம்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வையுங்கோ அதை. கண்ணைத் தோண்டிப்போடுவன்."

இருபது வருசத் தாம்பத்தியத்தில் அவர் கேட்டிராத குரல். வைத்தார்.

"என்ரை பிள்ளை இருக்கிறான்," என்று இரத்தம் தெறிக்கச் சொல்லி, கத்தியால் குடைந்து வைத்திருந்த குழிக்குள் கம்பியை அழுத்தினாள். கொழுப்புப் புகைந்தது. மறுபடி காய்ச்சினாள், மறுபடி அழுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டிச் சத்தம் போட்டாள். கடைசியில் எலும்பு வெடித்தது. நெடுக ஒரு மெல்லிய கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை.

இருவரும் குனிந்தார்கள். அவருடைய மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

"என்ன சொல்லுது?" என்றார் பத்மநாதன்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இவரா கேட்கிறார்?

"மற்றதையும் கேட்டால்தான் தெரியுமாம். இல்லையெண்டும் கேக்கோணும். என்ரை வாயாலை நான் அதைச் சொல்லன்." இரண்டாவது குழியைக் காட்டினாள். "நீங்கள் நெடுகச் சொல்லுற கதைதானே. சொல்லிப்போட்டு வையுங்கோ."

கம்பியை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, துணி சுற்றி, அவர் கையில் கொடுத்தாள். அவர் குழிக்கு மேலே பிடித்தார். வாயைத் திறந்தார். "நிதுசன்..." என்றார். கம்பியின் நுனி செம்மை குறைந்து, மங்கி, கறுத்தது.

பத்மநாதன் அதைத் திரும்பவும் நெருப்பில் வைத்தார்.