நாற்பத்தொரு பேரின் பதில்

அன்று காலை சர்ச் ஹாலில் இருந்தவர்கள்: பெங்களூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் மம்தா, ரத்தம் எடுக்கும் நர்ஸ் ஐடா, ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவர் ஏனோக். வெளியே பெஞ்சில் ஃபிட்டர் கிருஷ்ணப்பாவும் இன்னும் ஐந்து பேரும். எல்லாரும் தரைக்கு மேல் வேலை செய்பவர்கள். தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவர்களை மம்தா தன் ஆய்வில் சேர்க்கவில்லை. நுரையீரலில் கல்தூசி இருந்தால் அதுவே ரத்தத்தில் அழற்சியைக் காட்டிவிடும். அவளுக்கு வேண்டியது தூசியால் வராத அழற்சி.

இரண்டாயிரமாம் ஆண்டு ஜூலை மாதம் அது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. கவலை அவ்வளவு நாள் நீடித்தால், காயமே படாத உடம்பும் காயம்பட்டது போல அழற்சி கொள்ளும். அந்த அழற்சி மூளையைத் தொட்டால் மனம் சோர்ந்துபோகும். இது மம்தாவின் ஊகம். நிரூபிக்க ரத்தமும் வேண்டும், உண்மையான பதிலும் வேண்டும். ரத்தம் கிடைத்துவிட்டது. பாதிப் பேருக்கு அழற்சியின் அளவு ஏறியிருந்தது. ஆனால் பேப்பரில் இருந்த இருபது கேள்விக்கும், ரத்தம் கொடுத்த நாற்பத்தொரு பேரும் எழுதியது ஒரே பதில். தூக்கம் கெடுகிறதா? இல்லை. எதிலும் மனம் ஒட்டவில்லையா? அப்படியெல்லாம் இல்லை.

“இன்னா மேடம், இது கூட தெரியாதா?” என்று ஐடா சிரித்திருந்தாள். “இங்க டாக்டர் எது கேட்டாலும் இல்லேன்னு தான் சொல்லணும். ஆமான்னா அன்ஃபிட்டு, வேலை போயிடும். எங்கப்பா ஒரு கண்ணு தெரியாமலே நாலு மெடிக்கல் பாஸ் பண்ணாரு.”

அதனால்தான் மறுபடியும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரிடமும் மம்தா சொல்லியிருந்தாள்: பேப்பரில் பேர் கிடையாது, நம்பர்தான். யாரிடமும் சொல்லமாட்டேன். முதல் ஆள் ஏனோக்.

“உங்க ரத்தத்தைப் பாத்தா ஜுரம் வந்தவரு மாதிரி இருக்கு, அண்ணா. ஆனா ஜுரம் இல்லை. அப்போ என்ன?”

ஏனோக் கதவைப் பார்த்தான். “வெளிய போவாதுல்ல?”

“போகாது.”

“ஒழுங்கா தூங்கி மூணு மாசம் ஆவுது. கேஜ்ல ஆளுங்க கீறப்போ, தூக்கு நிறுத்துன்னு கீழேர்ந்து மணி அடிக்குது. நெசமா கேட்டனா, நானா நெனச்சிக்கினனான்னு தெரியல. போன வாரம் பிரேக் லேட்டா புடிச்சேன். எவனுக்கும் தெரியாது.”

மம்தா ‘ஆமாம்’ என்று எழுதினாள். நாற்பத்தொரு பேரில் முதல் ஆமாம். ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

“இன்னிக்கு எந்த ஷிஃப்ட்?”

“ரெண்டு மணிக்கு.”

சொன்னால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள், இரண்டு வருட வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் கேஜில் இறங்குகிறவர்களின் உயிர் இருக்கிறது.

“ரெண்டு மணிக்கு நீங்க அந்த சீட்ல உட்கார்ந்தா நான் போய் ஃபோர்மேன்கிட்ட சொல்லிடுவேன்.”

“சொல்லமாட்டேன்னீங்களே.”

“சொன்னேன். இது ஒண்ணுல என்னால முடியாது.”

“நல்லா கீது மேடம் உங்க ஆராய்ச்சி. நானும் இல்லேன்னே சொல்லிட்டு போயிருக்கணும்.”

“மூடப்போற கம்பெனிக்கு ஃபிட்டா இருந்து இன்னா பண்ணப்போறே?” என்றாள் ஐடா.

“இருபத்திரண்டு வருசமா அந்த சீட்ல கீறேன் சிஸ்டர். வேற எது தெரியும் எனக்கு?”



ஒன்றே முக்காலுக்கு ஏனோக் இன்ஜின் ரூமுக்குள் போனான். மம்தா வாசலுக்கு வெளியே நின்றாள். கேஜ் நின்றிருந்தது. முதல் ஷிஃப்ட் டிரைவர் நாகேஷ் எழுந்து சீட்டைத் துடைத்தான்.

“நாகேசு, ஸ்பேர் ஆளைக் கூப்புடச் சொல்லு. அதுவரைக்கும் நீயே இரு. எனக்கு தலை சரியில்ல. மணி சரியா கேக்கல.”

“இன்னாடா, குடிச்சிக்கினு வந்துட்டியா?”

“குடிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

நாகேஷ் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்து ஃபோர்மேனிடம் சொன்னான்.

கிருஷ்ணப்பா எண்ணெய்க் கேனோடு வந்தவன் மம்தாவைப் பார்த்து நின்றான். “மேடம் போட்டுக் குடுத்துட்டாங்களா?”

“இல்ல. நானே சொன்னேன்,” என்றான் ஏனோக் உள்ளேயிருந்து.

“ஆமா ஆமா.” கிருஷ்ணப்பா கேனை அடுத்த கைக்கு மாற்றினான். “என் பேப்பர்ல எல்லாம் இல்லேன்னே இருக்கட்டும், மேடம். மத்தவங்களுக்கும் சொல்லிடறேன்.”

மம்தா தலையாட்டினாள்.

மணி அடித்தது. கேஜ் ஓடும்போது டிரைவரிடம் யாரும் பேசக்கூடாது, கூட யாரும் இருக்கவும் கூடாது. நாகேஷ் ஏனோக்கின் தோளைப் பிடித்து மெதுவாக வாசலுக்கு வெளியே விட்டான். கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினான்.