நாற்பத்தொரு மார்க்

கலாதேவியின் காவடிப் பாட்டுக்கு விலை முந்நூறு வெள்ளி என்று தனேஷ் சொன்னபோது நான் மல்லி நிறுத்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. விலையைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கிறவன் ஈப்போவில் மசாலாக் கடை நடத்த முடியாது.

தனேஷ் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். பாட்டைக் கணினிக்குள் போட்டால் அது எவ்வளவு உயர்ந்தது என்று நூற்றுக்கு மார்க் போடும் கம்பெனியில் வேலை. கலாதேவி பகலில் பல் கிளினிக்கில் சீட்டு எழுதுகிறவள். கோப்பெங் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டத்தின் உறுமி மேளக் குழுவில் முன்பாட்டு அவளுடையது. தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன. கோயிலும் மேளமும் மட்டும் நகரவில்லை. பாட்டு அவளே கட்டியது. தனக்குப் பேரம் பேச வராது என்று அவனை என் கடைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"நாப்பத்தொண்ணு அங்கிள்." தனேஷ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "எழுபதுக்கு மேல போனாத்தான் கிரேட் சாங். ஆரம்பம் ரொம்ப நீளம். நடுவுல வேகம் விழுது. நாங்க வாங்கி, மூணு நிமிசத்துக்கு வெட்டி, வேகத்தைச் சரி பண்ணிருவோம். அப்புறம் அக்கா பழைய மாதிரி எங்கயும் பாடக்கூடாது. அக்ரிமெண்ட் அப்படி லா."

கலாதேவி தரையைப் பார்த்தாள். "குடுத்துரலாம் அண்ணே. ஞாயித்துக்கிழமை திருவிழாவுக்கு வேற ஏதாச்சும் பாடிக்கிறேன். எங்க ஆளுங்க முகத்துக்காக நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்க போல."

எனக்குச் சுருக்கென்றது. விற்கிறவளே தன் சரக்கை மட்டம் என்று நம்பிவிட்டால் அப்புறம் பேரம் ஏது? அள்ளிக் கொடுக்க வேண்டியதுதான்.

"மட்டமான பாட்டுக்கா தம்பி இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தே?"

"சரி பண்ணினா ஓடும் அங்கிள்."

தராசைத் தட்டிக் காட்டினேன். "இதை வருசா வருசம் எடைக்கல்லு வச்சுச் சோதிச்சு முத்திரை குத்திட்டுப் போறாங்க. உன் தராசையும் ஒருதரம் சோதிப்போமே."

அதற்கு வேண்டிய எடைக்கல் என்னிடம் இருந்தது. என் மிளகாய்த்தூளுக்கு நானே எழுதி நானே பாடிய விளம்பரம். வாசல் ஒலிபெருக்கியில் அதைப் போட்டால் பக்கத்துக் காப்பிக்கடை ஆ கியோங் கதவைச் சாத்துவான். என் மனைவி மங்களம் அது ஓடும் நேரத்தில் கடைக்குள் கால் வைப்பதில்லை. அதன் தரம் இந்தத் தெரு முழுக்கத் தெரியும். கைப்பேசியிலிருந்து தனேஷுக்கு அனுப்பினேன்.

அவன் தட்டினான். பார்த்தான். மறுபடியும் தட்டினான்.

"எவ்வளவு?"

"எழுபத்தெட்டு."

கலாதேவி முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு முடியவில்லை. மல்லி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அண்ணே, நீங்க கிரேட் லா!"

தனேஷ் விடவில்லை. "மெஷின் பொய் சொல்லல அங்கிள். ஆயிரக்கணக்கான பேரை உக்கார வச்சு, எந்தப் பாட்டை நடுவுல நிறுத்தாமக் கேட்டாங்கன்னு பாத்துப் படிச்ச மெஷின். உங்க பாட்டைக் கடைசி வரைக்கும் கேப்பாங்க. அது நிஜம்."

"எங்க கிளினிக்குக்கு வர்ற பல்வலிகூட நடுவுல நிக்காது தம்பி," என்றாள் கலாதேவி. "அதுக்காக கிரேட் வலின்னா சொல்றோம்?" எழுந்து நின்றாள். "வேகம் விழுதுன்னியே, அந்த இடத்துல எங்க ஊர்வலம் மேடு ஏறும். காவடி எடுக்கிறவன் கால் எப்படிப் போகுதோ பாட்டும் அப்படித்தான் போகும். நீ உக்காந்திருக்கிறவங்களை அளந்தே. இது தோள்ல சுமை இருக்கிறவங்களுக்குக் கட்டினது. வெட்டவும் வேணாம், நான் விக்கவும் இல்ல."

பேரம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

"நாப்பத்தொண்ணுக்கு முந்நூறுன்னா, என் எழுபத்தெட்டுக்கு என்ன தம்பி?"

அவன் முதலாளிக்குப் போன் போட்டான். ஐந்நூறுக்குப் படிந்தது. பணம் அங்கேயே கைப்பேசிக்கு வந்தது. அக்ரிமெண்ட்படி அந்தப் பாட்டை நான் இனி எங்கேயும் பாடவோ ஒலிபெருக்கியில் போடவோ கூடாது. சேதி தெரிந்து ஆ கியோங் எனக்குக் காப்பி கொண்டுவந்தான். காசு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கலாதேவி அதே பாட்டைப் பாடினாள், அந்த நீளமான ஆரம்பத்தோடு. மேட்டில் வேண்டுமென்றே இன்னும் மெதுவாக்கினாள். உறுமி அவள் குரலுக்காகக் காத்திருந்தது. அவள் காவடிக்காரனின் குதிகாலுக்காகக் காத்திருந்தாள். கற்பூரத் தட்டு என் பக்கம் வந்தது. வழக்கமாக ஐந்து வெள்ளி போட்டு மூன்றைத் திருப்பி எடுக்கிறவன் நான். அன்று ஐம்பதைப் போட்டேன். மீதி கேட்க வாய் வரவில்லை.

கணக்கு இதுதான். வரவு ஐந்நூறு. செலவு, உறுமிக்குப் புதுத்தோல், மேளம் ஏற்ற லாரி என்று நான் கொடுத்தது நானூற்றைம்பது. தட்டில் ஐம்பது. பணம் நேர். மார்க்கில்தான் இடிக்கிறது: நூற்றில் நாற்பத்தொன்றை மெஷின் கண்டுபிடித்துவிட்டது. மீதி ஐம்பத்தொன்பது அந்த மேட்டில் கிடக்கிறது. கம்பெனிக்காரர்கள் இன்னும் ஏறி வரவில்லை. பாக்கி.