ஆமணக்கு வேலி

வேலியை வெட்ட நல்லசிவம் அரிவாளை ஓங்கியதும், புருஷனின் தலைமாட்டிலிருந்து எழுந்து ஓடிவந்தாள் ஆவுடையம்மாள்.

"அண்ணே, அதுல கை வைக்காதிய."

"வாசல் குறுகலா இருக்குல்லா. பாடை எப்படித் தெருவுக்குப் போவும்? நாலு மூடு ஆமணக்குதானே."

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த முப்பிடாதி, மட்டாஞ்சேரி அரிசிப் பண்டகசாலைக்குப் பின்னால், வீட்டைச் சுற்றி அறுபது மூடு ஏத்தன் வாழை வைத்திருந்தார். வாய்க்கால் பக்கம் தவிர மூன்று புறமும் ஆமணக்கு. "புழுவுக்கு இந்த எலைன்னா உசிரு. இங்கயே தின்னுட்டுக் கெடக்கும்" என்பார். தினமும் முட்டை ஒட்டிய இலைகளைக் கிள்ளி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவார். சல்லடையாய்க் கிடந்த அந்த வேலியை வெட்டச் சொல்லி அவரோடு அதிகம் சண்டை போட்டவளே ஆவுடையம்மாள்தான். பக்கத்துத் தோட்டத்து ராமபத்ரன் வேறு, "முப்பிடாதி புழுவுக்கு சத்ய விளம்பறான்" என்று, ஏதோ கல்யாண விருந்து பரிமாறுவதைப்போல, சாயாக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இந்த எழுபத்தெட்டாம் வருஷத்தில் புழு கூட்டமாய் வந்தது. மூன்று தடவை மருந்தடித்தும் ராமபத்ரனின் வாழையில் நரம்புதான் மிச்சம். வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்ட ஊர், புழு வேலியை மேய்ந்து பயிரை விட்ட அதிசயத்தை முப்பிடாதியின் தோட்டத்தில்தான் பார்த்தது.

"வேலியச் சாய்ச்சா அத்தன புழுவும் வாழைக்கு ஏறிரும். ஓணத்துக்கு ஒரு மாசம் கெடக்கு, காய் முத்தல" என்றாள் ஆவுடையம்மாள். "அவுக ஜெயிச்சிட்டுப் போயிருக்காக. அவுகள நான் தோக்க விடமாட்டேன்."

"பின்ன எந்த வழியா கொண்டுபோவ?"

"வாழைக்குள்ள கூடி. வாய்க்கால் கரைல படல் இருக்குல்லா."

நல்லசிவம் அரிவாளைக் கீழே போட்டார். தூக்க ஓர் ஆள் குறைந்தபோது, ஓரமாய் நின்றிருந்த ராமபத்ரன் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆவுடையம்மாள் முற்றத்திலேயே நின்றாள். அழுகையோடு கலந்து நெஞ்சு நிறைய ஒரு பெருமை பொங்கியது; அதை அவள் மறைக்கவுமில்லை.

வரிசைகளுக்கு நடுவே இரு பக்கமும் குலைகள் தாழ்ந்து தொங்கின. தோளில் வைத்த பாடையைக் கைகளுக்கு இறக்கிக்கொண்டார்கள். ராமபத்ரன் ஒவ்வொரு குலைக்கும் தலை குனிந்து குனிந்து நடந்தார். படலைத் தாண்டும்வரை தூக்கிச் சென்றவர்களில் ஒருவராலும் நிமிர முடியவில்லை.