எண்ணும் பெட்டி

மூட்டை தூக்குகிறவன் மகளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. இலவசமாக வருவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் கிடங்கு முதலாளிதான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவு. பச்சைப் பலகை, அதில் எறும்பு கால் மாதிரி கம்பிகள். பழைய டிவியில் சொருகினால் கம்ப்யூட்டர் ஆகிவிடும். எங்கள் வீட்டு அடுப்பு அதைவிட விலை கூடுதல்.

"உங்க வீட்ல எது பெரிய தொல்லையோ, அதுக்கு ஒரு புரோகிராம் எழுதிட்டு வாங்க" என்று சார் பிள்ளைகளிடம் சொன்னாராம்.

எங்கள் வீட்டில் பெரிய தொல்லை என் வாய். சாப்பிட உட்கார்ந்தால் சூப்பர்வைசரைத் திட்டாமல் எனக்குத் தொண்டையில் இறங்காது. "நாங்க தூக்குற மூட்டைக்கெல்லாம் நோட்டுல கோடு போடாம பாதியை முழுங்குறான். எப்படித்தான் செரிக்குதோ!" என் மகள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவள் செய்தது இதுதான். கிடங்கு வாசல் தூணில் மாட்ட அந்தப் பச்சைப் பலகை வைத்த ஒரு சின்னப் பெட்டி, மூட்டை தூக்கும் எங்கள் கழுத்தில் மாட்ட ஆளுக்கு ஒரு அட்டை. மூட்டையோடு தாண்டும்போது அட்டை பெட்டிக்கு நேரே வந்தால் 'கீச்' என்று சத்தம் வரும். டிவியில் அந்த ஆளின் கோடு கொஞ்சம் நீளும்.

பள்ளிக் கண்காட்சியில் என்னையே நடக்கவிட்டுக் காட்டினாள். "இனிமே எங்கப்பாவை யாரும் ஏமாத்த முடியாது" என்று முதலாளியிடமே சொன்னாள்.

அவர் அவள் கன்னத்தில் தட்டினார். "யாரும் யாரையும் ஏமாத்த முடியாதும்மா."

அடுத்த வாரமே கிடங்கு வாசலில் பெட்டி ஏறிவிட்டது.

என் மகளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. லாரிப் பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்த நாளிலிருந்து என் வலது தோள் செத்துப்போய்விட்டது. வீட்டுக்காரிக்குத் தெரியும், சொல்லமாட்டாள். எங்கள் செட்டு ஆட்களுக்கும் தெரியும். பெட்டி வரும்வரை கணக்கு மொத்தச் செட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். என் முறை வரும்போதெல்லாம், செட்டில் நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவன் முந்திக்கொள்வான். "உக்காருடா, நீ நடக்குறதைப் பாத்தா எனக்குத் தூக்கம் வருது" என்பான். மகளோ தோழிகளிடம், எங்கப்பா லாரியையே தூக்குவாரு என்று அளந்துகொண்டிருந்தாள்.

பெட்டி வந்த அன்று நெட்டை என் அட்டையையும் சேர்த்து மாட்டிக்கொண்டான். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "என்னடா, ஒரு கழுத்துல ரெண்டு தலை முளைச்சிருக்கா?"

சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். டிவியில் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லோர் கோடும் ஓடியிருந்தது. என் கோடு கிள்ளிப் போட்டது போல் நின்றது.

"நான் சொல்லல, உன் பொண்ணு சொல்லுது" என்றார். "திங்கக்கிழமைக்கு வேற ஆள் பாத்துட்டேன்."

வீட்டில் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "மெஷின் என் அட்டையைச் சரியா எண்ணல போல. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க" என்றேன்.

மகளின் கை தட்டிலேயே நின்றது. "என் தப்பாப்பா?"

ஞாயிற்றுக்கிழமை சாரிடம் இன்னொரு பெட்டி வாங்கிவந்து கதவில் கட்டினாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கீச். திரும்பி நடந்தேன். கீச். டிவியில் புரோகிராமின் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினாள்.

"சும்மா வந்தா எண்ணுதுப்பா. கனத்தோட வந்தா அட்டை சாயுதோ என்னவோ. இதைத் தூக்கிட்டு வாங்க."

தண்ணீர் கேனை அவளும் அம்மாவுமாக ஏற்றிவிட்டார்கள், வலது தோளில். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு எட்டிப் பிடிக்கும் தூரம்தான். பாதியில் தோள் விட்டது. கேன் தரையில் விழுந்து அறையெல்லாம் தண்ணீர்.

மகள் என்னைப் பார்த்தாள், பிறகு தோளைப் பார்த்தாள். டிவியை அணைத்துவிட்டுத் துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை சீருடையோடு கிடங்குக்குக் கிளம்பிவிட்டாள். தடுத்தும் கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.

"சார், புரோகிராம்ல தப்பு இருக்கு. எங்கப்பா அட்டையை மட்டும் விட்டுடுது. நான்தான் தப்பா எழுதிட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

முதலாளி சிரித்தார். "பயப்படாதம்மா. உங்க சாரே வந்து நின்னு பாத்துட்டாரு. ஒரு தப்பும் இல்ல. மத்த கிடங்குக்கும் இதையே மாட்டப்போறேன்." மேசையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து நீட்டினார். "இது உனக்குப் பரிசு. நல்லாப் படி."

அவள் கை நீட்டவில்லை. நீட்டிய கையைக் காக்கவைக்கக் கூடாதே என்று நான் வாங்கினேன்.

வாசலில் சூப்பர்வைசர் வழிவிட்டார். "தூக்கிட்டுப் போயிடுவியா, இல்ல கூட ஒரு ஆள் அனுப்பட்டுமா?"

மூட்டையோடு வந்த நெட்டை காதில் விழாதவன் போல் எங்களைத் தாண்டிப் போனான். கீச்.

தெருவுக்கு வந்ததும் மகள் நின்றாள்.

"குடுங்கப்பா, நான் எடுத்துட்டு வர்றேன்."

சீட்டுக்கட்டு அளவுதான் அது. கொடுத்துவிட்டேன்.