நன்னாரி சோடா பாட்டில்

ட்ரெவர் பென்ரோஸுக்கு அரசுத்தரப்பு வக்கீலைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. பெரிய காரணம் ஒன்றுமில்லை. மனிதர் நிதானமாகப் பேசினார். ட்ரெவரோடு ஜூரியில் உட்கார்ந்திருக்கும் கோதுமைக்காரர்களுக்கும் ஆட்டுக்காரர்களுக்கும் எவ்வளவு புரியும் என்று ஒரு கணக்குப் போட்டு, அதிலும் கொஞ்சம் குறைத்தே பேசினார். அவருடைய குதிரைமயிர் விக் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடிலெய்டிலிருந்து காரோட்டி வந்த களைப்பாக இருக்கும், பாவம், என்று ட்ரெவர் நினைத்துக்கொண்டார்.

கூண்டில் இருந்தவள் நோலின் பாஷ்கி. அறுபதைத் தாண்டியவள். கணவன் மெர்வினுக்குக் களைக்கொல்லி கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்பது வழக்கு. அவர்கள் பண்ணை அடுத்த மாவட்டத்தில் இருந்தது. ஜூரியில் யாருக்கும் அவர்களைத் தெரியாது. தெரிந்தவர் யாராவது இருந்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நோலின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கைப்பை இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரெவருக்கு அது திருட்டு முழியாகப் பட்டது.

வக்கீல் நடந்ததை எடுத்துவைத்தார். நல்ல கோடை. மெர்வின் ஆட்டுச் சந்தையிலிருந்து திரும்பி வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தார். தனக்குப் பிரியமான நன்னாரி சோடா பாட்டிலைப் பார்த்தார். எடுத்து அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். உள்ளே இருந்தது சோடா இல்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவர் பட்ட பாட்டை வக்கீல் சுருக்கமாகத்தான் சொன்னார், ஆனாலும் முன்வரிசையிலிருந்த ஒரு பெண் தண்ணீர் கேட்டாள்.

கொலைக்கான காரணத்துக்கும் வக்கீல் வந்தார். கடைசி வருடங்களில் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லையாம். நாய்தான் இடையில். சாப்பாடு ஆறுகிறது என்று அவள் நாயிடம் சொல்வாள், வருகிறேன் என்று அவர் நாயிடம் சொல்வார். ட்ரெவருக்கு இதில் என்ன விசேஷம் என்று விளங்கவில்லை. ட்ரெவர் வீட்டில் கணவன் மனைவிக்கு இடையில் ரேடியோ இருந்தது, ஆகவே நாய் தேவைப்படவில்லை.

கடைசியாக வக்கீல் ஜூரியின் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டார்.

"களைக்கொல்லி கொட்டகையில இருந்துது. ஃபிரிட்ஜ் வீட்டுக்குள்ள இருந்துது. அதுவா நடந்து போச்சு? இந்தம்மாதான் எடுத்து வெச்சாங்க. அதை அவங்களே ஒத்துக்கறாங்க. சோடான்னு நினைச்சாங்களாம்."

ட்ரெவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை வழக்கு அதோடு முடிந்தது. இனி பேசுகிறவர்கள் பேசட்டும், சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டாலும் குற்றவாளி என்று சொல்லத் தயாராக இருந்தார்.

அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் மிஸ் பாப்பாஸ் எழுந்தாள். சின்னப் பெண், படபடவென்று பேசினாள். ட்ரெவருக்குப் பிடிக்கவில்லை. களைக்கொல்லியை அந்தப் பாட்டிலில் ஊற்றியது யார் என்று கேட்டுவிட்டு, அவளே பதிலும் சொன்னாள். மெர்வின்தான். பெரிய டிரம்மாக வாங்கினால் மலிவு என்று பக்கத்துப் பண்ணைக்காரரோடு சேர்ந்து வாங்கி, தன் பங்கில் டப்பாவுக்கு மிஞ்சியதைக் கைக்குக் கிடைத்த பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். மேலே எதுவும் எழுதி ஒட்டவில்லை. தன்னைத் தவிர யார் கொட்டகைக்குள் வரப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம். அவர் சந்தைக்குப் போன அன்று மனைவி கொட்டகையைச் சுத்தம் செய்தாள். பாட்டிலைப் பார்த்தாள். மறந்து வைத்துவிட்டார் என்று நினைத்தாள்.

ட்ரெவருக்குக் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது.

அவருடைய கொட்டகையில், ஆணி டப்பாவுக்குப் பின்னால், ஒரு பாட்டில் இருந்தது. மச்சான் கீத்தோடு சேர்ந்து வாங்கிய டிரம். அதுவும் நன்னாரி சோடா பாட்டில்தான். பழுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. அன்று காலைதான் மனைவி கிளெனிஸ் முட்டையைப் பொரித்துக்கொண்டே, நீ கோர்ட்டில் அடைபட்டுக் கிடக்கிற நேரத்தில்தான் அந்தக் கொட்டகைக்கு விடிவுகாலம் என்று சொல்லியிருந்தாள். தடுத்துப் பயனில்லை என்று அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். இடைவேளை வரை பொறுக்கலாம் என்று முதலில் நினைத்தார். கிளெனிஸுக்குத் தூசியில் நின்றால் தாகமெடுக்கும் என்பது அடுத்தபடியாக ஞாபகம் வந்தது. ஊர்த் தீயணைப்புப் படைக்கு அவர்தான் தலைவர். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் போய், ஆபத்தான பொருட்களைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர். எழுந்தால் மானம் போகும். இருந்தால் கிளெனிஸ் போய்விடுவாள். கையைத் தூக்கினார்.

மிஸ் பாப்பாஸ் பாதி வாக்கியத்தில் நின்றாள். என்ன என்று நீதிபதி அம்மாள் கேட்டார்.

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும், யுவர் ஆனர்."

இப்போது அப்படியெல்லாம் செய்ய முடியாது என்று நீதிபதி பொறுமையாக விளக்கினார்.

"எங்க கொட்டகையிலயும் ஒரு பாட்டில் இருக்கு. என் பொண்டாட்டி இப்ப அங்கதான் சுத்தம் பண்ணிட்டிருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. ஜூரியின் பின்வரிசையில் தாடிக்காரர் ஒருவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, தனக்கும் ஒரு போன் பண்ண வேண்டும் என்றார்.

நீதிபதி ஜூரியை உள்ளறைக்கு அனுப்பினார். காவலர் ஒருவர் எண்ணைக் கேட்டு அழுத்திக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கொட்டகைத் தரையில் கிடப்பதைப் போலவே ட்ரெவருக்குத் தோன்றிவிட்டது. ஒருவழியாகக் கிளெனிஸ் எடுத்தாள். மூச்சு வாங்கியது, கோபமாகவும் இருந்தாள்.

"கொட்டகையில நன்னாரி பாட்டில் ஒண்ணு..."

"பாத்தேன். ஒரே தூசி. தொடச்சு ஃபிரிட்ஜுல வெச்சிருக்கேன். நாள் பூரா அந்த விக்குக்காரங்க பேச்சைக் கேட்டுட்டு வருவ, ஜில்லுன்னு குடிக்கட்டும்னுதான்."

ட்ரெவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அதில் இருப்பது என்ன என்று சொன்னார். மறுமுனையில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"என் கையாலயே ஊத்திக் குடுத்திருப்பேனே, ட்ரெவ்," என்றாள் கிளெனிஸ்.

தாடிக்காரர் வீட்டில் பாட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. ட்ரெவரை மட்டும் தனியாக நீதிமன்றக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் எல்லோரும் நலமா, பாட்டில் எங்கே இருந்தது என்று நீதிபதி கேட்டார்.

"ஃபிரிட்ஜுல, யுவர் ஆனர். எனக்காக எடுத்து வெச்சிருக்கா."

அரசுத்தரப்பு வக்கீல் விக்கை நேராக்கிக்கொண்டார். அவசர அவசரமாகச் சட்டம் பேசினார்கள். சொந்த வீட்டுப் பாட்டிலை நினைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடும் என்பதால் இந்த ஜூரி கலைக்கப்படுகிறது, புது ஜூரியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஊர் ஊராகப் போகும் நீதிமன்றம் அடுத்த முறை இந்த ஊருக்கு வரும்வரை நோலின் பாஷ்கி சிறையிலேயே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இதையே தான் சாட்சியாக வந்து சொல்லலாமா என்று ட்ரெவர் கேட்டார். அவருடைய ஃபிரிட்ஜ் இந்த வழக்கில் சாட்சியமாகாது என்றார் நீதிபதி. சேவைக்கு நன்றியும் சொன்னார்.

வெளியே போக அவர் கூண்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. காலையில் இவளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். நோலின் அன்றைக்கு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க வீட்டுல யாரும் குடிக்கலியே?"

"இல்லம்மா. யாரும் குடிக்கல."

"நல்லது," என்று சொல்லிவிட்டு, அவள் காவலரோடு படியிறங்கிப் போனாள்.